நிறுவன வாகனங்களும் இழப்பீடு கோராக் கழிவும் (ஐக்கிய இராச்சியம்)

இழப்பீடு கோராக் கழிவு என்பது, வாகனக் காப்புறுதி (காப்பீடு) எடுத்த ஒருவர் ஓராண்டுக் காலத்தில் காப்புறுதி நிறுவனத்திடம் இழப்பீடு எதுவும் கோராதிருந்தால், அடுத்த ஆண்டுக்கான காப்புறுதிக் கட்டணத்தில் அவருக்குக் குறைத்துக் கொடுக்கப்படும் பகுதி ஆகும். ஐக்கிய இராச்சியத்தில் இது பேச்சு வழக்கில் நோ கிளெய்ம்ஸ் போனஸ் என்றும், காப்புறுதி ஆவணங்களில் நோ கிளெய்ம்ஸ் டிஸ்கவுண்ட் என்றும் வழங்குகிறது. கோரிக்கையின்றிக் கழியும் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு குறிப்பிட்ட எல்லை வரை இக்கழிவு உயர்ந்து செல்லும்.

பணியாளர் ஒருவருக்கு அவர் வேலை செய்யும் நிறுவனம் கார் ஒன்றை வழங்கும்போது, அக்காருக்கான காப்புறுதியையும் பெரும்பாலும் நிறுவனமே எடுக்கிறது. அதனால் அப்பணியாளர் எத்தனை ஆண்டுகள் விபத்தின்றி ஓட்டினாலும் அவருடைய பெயரில் கழிவு சேர்வதில்லை. முன்னர் சொந்தக் காரில் சேர்த்துவைத்த கழிவும், பயன்படுத்தப்படாமல் 2 ஆண்டுகள் கடந்துவிட்டால், பல காப்புறுதி நிறுவனங்களால் ஏற்கப்படுவதில்லை. வேலை மாறும்போதோ, வேலையை இழக்கும்போதோ, ஓய்வு பெறும்போதோ நிறுவனக் காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொந்தக் கார் வாங்குவோர் பலர் இதனை அப்போதுதான் முதன்முறையாக அறிந்துகொள்கின்றனர். 20 ஆண்டுகள் வாகனம் ஓட்டிய ஒருவர், காகிதத்தில் நேற்று உரிமம் பெற்றவரைப் போல நிற்க நேரும் இந்நிலையும், அதனைத் தவிர்க்கும் வழிகளும் இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

கழிவின் தன்மை

இக்கழிவு நல்ல ஓட்டுநருக்குக் கொடுக்கப்படும் பரிசு என்று பலரும் கருதுகின்றனர். உண்மையில் இது ஓட்டுநரோடு அன்றிக் காப்புறுதி ஒப்பந்தத்தோடு (பாலிசி) இணைந்தது. ஒப்பந்தம் யாருடைய பெயரில் எழுதப்பட்டுள்ளதோ அவருக்கே கழிவு சேரும். அதே காரை அவருடைய மனைவியோ மகனோ, ஒப்பந்தத்தில் பெயர் குறிப்பிடப்பட்ட கூடுதல் ஓட்டுநர் என்ற நிலையில் நாள்தோறும் ஓட்டினாலும் அவர்களுக்கு வழக்கமான கழிவு சேராது. சில நிறுவனங்கள் இத்தகையோருக்கும் ஒரு சலுகையைப் பதிவுசெய்து வைக்கின்றன. ஆயினும் அதனைப் பிற நிறுவனங்கள் ஏற்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மறுபுறம், ஒப்பந்ததாரர் அவ்வாண்டு முழுவதும் காரைத் தொடாமலே இருந்திருந்தாலும் கழிவு அவருக்கே உரியது. நிறுவனக் கார் பற்றிய சிக்கல்கள் அனைத்தும் இந்த ஒரு விதியிலிருந்தே கிளைக்கின்றன.

கழிவுக்கு அளவுகோல் கோரிக்கைதானே தவிரக் குற்றம் அன்று. நிறுத்தி வைத்திருந்த காரில் வேறொருவர் மோதிவிட்டுச் சென்றாலும், காப்புறுதி நிறுவனம் தான் செலவிட்ட தொகையை மற்றத் தரப்பிடமிருந்து முழுமையாக மீட்க முடியாவிட்டால் கழிவு குறையக்கூடும். மோதியவர் யார் எனத் தெரியாத நிகழ்வுகளில் இது அடிக்கடி நேர்கிறது. மேலும், ஒரு கழிவை ஒரே நேரத்தில் ஒரு வாகனத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்பது பொது வழக்கம். இரண்டாவது கார் வாங்குபவர் அதற்குத் தனியாகக் கழிவு சேர்க்க வேண்டும்.

இவை எவையும் சட்டத்தால் வகுக்கப்பட்டவை அல்ல. பிரித்தானியாவில் 1930 ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. இப்போது 1988 ஆம் ஆண்டின் சட்டம் நடைமுறையில் உள்ளது. வாகனம் ஓட்டுபவர் காப்புறுதி பெற்றிருக்க வேண்டும் என்று கூறும் இச்சட்டங்கள், அதற்கான விலை பற்றியோ கழிவு பற்றியோ எதுவும் கூறவில்லை. 1960களின் இறுதி வரை பெரும்பாலான காப்புறுதி நிறுவனங்கள் தமக்குள் உடன்பட்ட ஒரு பொதுக் கட்டண அட்டவணையைப் பின்பற்றி வந்தன. அந்த உடன்பாடு கைவிடப்பட்ட பின்னர் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனக் கட்டணத்தையும் கழிவு விதிகளையும் வகுத்துக்கொண்டது. ஒரு நிறுவனம் மறுப்பதை இன்னொரு நிறுவனம் ஏற்பது இதனால்தான்.

அளவும் கணக்கும்

நெடுங்காலம் பரவலாக வழங்கிய ஓர் அளவின்படி, கோரிக்கையற்ற முதலாம் ஆண்டின் பின் 30%, இரண்டாம் ஆண்டின் பின் 40%, மூன்றாம் ஆண்டின் பின் 50%, நான்காம் ஆண்டின் பின் 60%, ஐந்தாம் ஆண்டின் பின் 65% எனக் கழிவு உயரும். அடிப்படைக் கட்டணம் 1,000 பவுண்டு எனக் கொண்டால், ஐந்து ஆண்டுக் கழிவு உடையவர் 350 பவுண்டு செலுத்துவார். கழிவு இல்லாதவர் முழுத் தொகையையும் செலுத்துவார். ஐந்து ஆண்டுக் கழிவு உள்ளவர் ஒரு கோரிக்கை வைத்தால் அவருடைய கழிவு முற்றாக அழியாமல் மூன்று ஆண்டு நிலைக்கு இறங்குவது வழக்கமாக இருந்து வருகிறது.

இந்த விழுக்காடுகளை வாசிக்கும்போது கவனம் தேவை. 'அடிப்படைக் கட்டணம்' என்பது எங்கும் அச்சிடப்பட்ட ஒரு தொகை அன்று. ஓட்டுநரின் வயது, வசிக்கும் இடம், காரின் வகை, ஆண்டில் ஓடும் தூரம் முதலியவற்றைக் கொண்டு ஒவ்வொரு நிறுவனமும் தானே கணித்துக்கொள்வது. எனவே 65% தருவதாகக் கூறும் நிறுவனம், 60% தரும் நிறுவனத்தைவிட மலிவானது என்று முடிவுகட்ட முடியாது. 'பாதுகாக்கப்பட்ட கழிவு' என்ற பெயரில் கூடுதல் கட்டணம் பெற்று விற்கப்படும் வசதிக்கும் இது பொருந்தும். அது கழிவின் விழுக்காட்டைக் காக்குமே தவிர, அடிப்படைக் கட்டணம் உயர்வதைத் தடுக்காது. இவ்வசதியை வாங்குவோர் தாம் எதை வாங்குகிறோம் என்பதை அறியாதிருப்பதை, போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் வாகனக் காப்புறுதிச் சந்தை பற்றிய தனது 2014 ஆம் ஆண்டு அறிக்கையில் சுட்டிக்காட்டியது. அதன் தொடர்பாக 2015 இல் பிறப்பித்த ஆணையின்படி, இவ்வசதியை விற்பவர்கள் கழிவு பற்றிய விவரங்களை வாங்குபவருக்குத் தெளிவாகத் தரவேண்டும்.

நிறுவனக் காரும் அதன் காப்புறுதியும்

நிறுவனக் கார் பிரித்தானியாவில் பரவியதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1970களில் விலைவாசி உயர்வைக் கட்டுப்படுத்த அரசுகள் ஊதிய உயர்வுக்கு வரம்பு விதித்தன. ஊதியத்தை உயர்த்த முடியாத நிறுவனங்கள் நல்ல பணியாளர்களைத் தக்கவைத்துக்கொள்ளக் காரை ஊதியத்தின் ஒரு பகுதியாகக் கொடுக்கத் தொடங்கின. அப்போது அதற்கான வரியும் குறைவாக இருந்தது. விற்பனைப் பிரதிநிதிக்கு மட்டும் அன்றி, அலுவலகத்தை விட்டு நகராத மேலாளருக்கும் கார் கிடைத்தது. 1994 ஏப்ரலில் காரின் பட்டியல் விலையை அடிப்படையாகக் கொண்ட வரியும், 2002 ஏப்ரலில் அது வெளியிடும் கார்பன் டை ஆக்சைடின் அளவோடு இணைந்த வரியும் நடைமுறைக்கு வந்தன. இவற்றின் பின்னர், கூடுதல் வரிக்கு உள்ளான பலர் காரைத் துறந்து அதற்குப் பதிலாகப் பணப்படியைத் தேர்ந்தெடுத்தனர். பல ஆண்டுகளுக்குப் பின் சொந்தப் பெயரில் காப்புறுதி தேட வேண்டியிருந்த இவர்களுக்கே கழிவுச் சிக்கல் பெருமளவில் எழுந்தது.

சில வாகனங்களுக்கு மேல் வைத்திருக்கும் நிறுவனம், அவை அனைத்தையும் ஒரே ஒப்பந்தத்தின் கீழ்க் காப்புறுதி செய்கிறது. இது ஃப்ளீட் பாலிசி, அதாவது வாகனத் தொகுதிக் காப்புறுதி எனப்படும். இதில் தனி ஓட்டுநர் என்ற கணக்கு இல்லை. முந்தைய சில ஆண்டுகளில் மொத்தத் தொகுதிக்கும் சேர்த்து எத்தனை கோரிக்கைகள் வந்தன, அவற்றுக்கு எவ்வளவு செலவாயிற்று என்பதைக் கொண்டே அடுத்த ஆண்டின் கட்டணம் கணிக்கப்படுகிறது. 50 ஓட்டுநர்களில் 48 பேர் ஒரு கீறலும் இன்றி ஓட்டியிருந்தாலும், மற்ற இருவரின் விபத்துகள் மொத்தக் கட்டணத்தை உயர்த்திவிடும். அந்த 48 பேரின் கவனத்தால் விளையும் பயனும் நிறுவனத்தின் கணக்கிலேயே சேரும்.

இதில் இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உள்ளது. தொகுதிக் காப்புறுதியின் பதிவுகள் பெரும்பாலும் வாகனப் பதிவெண்ணைக் கொண்டு அமைந்தவை. எந்தக் காருக்கு விபத்து நேர்ந்தது என்பது தெளிவாக இருக்கும். எந்த நாளில் எந்தக் கார் யாரிடம் இருந்தது என்பது காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் பலரும் மாறி மாறி எடுத்துச் செல்லும் பொதுக் கார்களில் இதனைக் கண்டறிவது ஏறத்தாழ இயலாத செயல். ஆகவே பிற்காலத்தில் ஒருவர் தமது விபத்தற்ற ஆண்டுகளை நிறுவ விரும்பினால், அந்தக் கார் அவருக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்தது என்பது முதலில் உறுதியாக வேண்டும்.

ஈராண்டு வரம்பு

சொந்தப் பெயரில் இருந்த கடைசி ஒப்பந்தம் முடிவடைந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புதிய ஒப்பந்தத்தில் கழிவைப் பயன்படுத்த வேண்டும் என்பது பெரும்பாலான பிரித்தானியக் காப்புறுதி நிறுவனங்களின் விதி. சில நிறுவனங்கள் 3 ஆண்டுகள் வரை ஏற்கின்றன. இடையில் வாகனமே ஓட்டாதவருக்கும், நாள்தோறும் நிறுவனக் காரில் 100 மைல் ஓட்டியவருக்கும் இந்த வரம்பு ஒன்றுபோலவே செல்லும். நீண்டகாலம் ஓட்டாதவரின் பழைய பதிவு இன்றைய திறமையைக் காட்டாது என்பதே வரம்பின் நோக்கம் என்றால், இரண்டாமவருக்கு அது பொருந்தாது. எனினும் விதி ஒப்பந்தத்தைப் பார்த்து எழுதப்பட்டதால் இருவரும் ஒரே தட்டில் வைக்கப்படுகின்றனர்.

எடுத்துக்காட்டாக, 7 ஆண்டுக் கழிவு வைத்திருந்த ஒருவரின் சொந்த ஒப்பந்தம் 2019 மார்ச்சு மாதத்தில் முடிந்தது எனக் கொள்வோம். அவர் நிறுவனக் காரைப் பெற்று 2020 டிசம்பரில் வேலையை விட்டிருந்தால், பழைய ஒப்பந்தத்தின் சான்றைக் காட்டி 7 ஆண்டுக் கழிவையும் மீண்டும் பயன்படுத்தியிருக்கலாம். 2024 வரை அதே வேலையில் நீடித்திருந்தால், அந்தச் சான்றைப் பெரும்பாலான நிறுவனங்கள் திருப்பி அனுப்பிவிடும். வேலையில் நிலைத்து நின்றதே அவருக்கு இழப்பைத் தருகிறது.

நிறுவனக் கார் ஆண்டின் நடுவில் கிடைக்கும்போது இன்னொரு சிறு இழப்பும் நேரலாம். சொந்த ஒப்பந்தத்தை ஒன்பதாம் அல்லது பத்தாம் மாதத்தில் முறித்துக்கொண்டால், முடிவுறாத அந்த ஆண்டு பொதுவாகக் கழிவுக் கணக்கில் சேராது. எஞ்சிய மாதங்களுக்குத் திரும்பக் கிடைக்கும் பணம் பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும் என்பதால், விற்கவிருக்கும் காரை ஒப்பந்த ஆண்டு முடியும்வரை வைத்திருப்பது ஆதாயமா என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்பது தகும். எவ்வாறாயினும், ஒப்பந்தம் முடியும்போது கழிவு ஆண்டுகளைக் குறிப்பிடும் சான்றைக் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் வரும் புதுப்பித்தல் அறிவிப்பிலும் இவ்விவரம் இருக்கும்.

தீமை மட்டும் தொடர்வது

நிறுவனக் காரில் விபத்தின்றி ஓட்டிய ஆண்டுகள் ஓட்டுநரின் கணக்கில் சேர்வதில்லை என்றால், அக்காரில் நேர்ந்த விபத்துகளும் சேராதென்று ஒருவர் எண்ணலாம். அவ்வாறு இல்லை. சொந்தக் காப்புறுதிக்கு விண்ணப்பிக்கும்போது பொதுவாகக் கேட்கப்படும் கேள்வி, கடந்த 5 ஆண்டுகளில் விண்ணப்பதாரருக்கு நேர்ந்த விபத்துகள், கோரிக்கைகள், இழப்புகள் யாவை என்பது. அது யாருடைய வாகனம், யாருடைய ஒப்பந்தம் என்ற வேறுபாடு அக்கேள்வியில் பெரும்பாலும் இருப்பதில்லை. நிறுவனக் காரைப் பின்னோக்கி எடுக்கும்போது கம்பத்தில் மோதியதையும் அங்கே எழுத வேண்டும். சாலை விதிமீறலுக்காக ஓட்டுநர் உரிமத்தில் பதியப்படும் தண்டப் புள்ளிகளும் ஓட்டுநரையே சேரும்.

ஆக, நிறுவன வாகன ஓட்டுநரின் பிழைகள் அவரோடு வீட்டுக்கு வருகின்றன. அவருடைய கவனம் நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது. காப்புறுதி நிறுவனங்கள் இடர்ப்பாட்டைக் கணிப்பவை என்பதால் அவற்றின் நோக்கில் இது முரண்பாடு அன்று. விபத்து நடந்ததற்குப் பதிவு உண்டு. நடக்காததற்கு யாராவது சான்று தரவேண்டும்.

விபத்துப் பதிவுகள் நிறுவனங்களுக்கிடையே பகிரப்படுகின்றன என்பதையும் குறிப்பிட வேண்டும். பிரித்தானியக் காப்புறுதி நிறுவனங்கள் கியூ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பொதுத் தரவுத்தளத்தில் கோரிக்கைகளையும், தமக்கு அறிவிக்கப்பட்ட நிகழ்வுகளையும் பதிகின்றன. எழுதாமல் விடப்பட்ட விபத்து பின்னர் வெளிப்படும் வாய்ப்பு அதிகம்.

கழிவைக் காத்துக்கொள்ளும் வழிகள்

மிகவும் உறுதியான வழி, நிறுவனக் கார் இருக்கும் காலத்திலும் சொந்தப் பெயரில் ஓர் ஒப்பந்தத்தைத் தொடர்வதாகும். வீட்டில் இரண்டாவது கார் உள்ள குடும்பங்களில் இது எளிது. அந்தக் காரின் ஒப்பந்தத்தை நிறுவனக் கார் பெற்றவரின் பெயரில் வைத்து, அதனை மிகுதியாக ஓட்டும் வாழ்க்கைத் துணையை முதன்மை ஓட்டுநராக அறிவிக்கலாம். இந்த அமைப்பை எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை. ஏற்கும் நிறுவனத்திடமும் உண்மை நிலையை முன்கூட்டியே சொல்லவேண்டும். கட்டணத்தைக் குறைப்பதற்காக, உண்மையில் ஓட்டாத ஒருவரை முதன்மை ஓட்டுநர் என்று காட்டுவது ஃப்ரண்டிங் எனப்படும் மோசடியாகக் கருதப்படுகிறது. இவ்வமைப்பில் ஓர் இழப்பும் உண்டு. கழிவு ஒருவருக்கே சேருமாதலால், அதே ஆண்டுகளில் வாழ்க்கைத் துணை தமக்கெனக் கழிவு சேர்க்க முடியாது. எந்தப் பெயரில் ஒப்பந்தம் இருப்பது குடும்பத்துக்கு நன்மை தரும் என்பது, இருவரில் யார் பின்னர் தனியாகக் காப்புறுதி எடுக்க நேரும் என்பதைப் பொறுத்தது.

கழிவைக் காப்பதற்காக மட்டும் மலிவான பழைய கார் ஒன்றை வாங்கி வைத்திருப்போரும் உளர். காப்புறுதி, சாலை வரி, தகுதிச் சோதனை ஆகியவற்றின் செலவு பெரும்பாலும் காக்கப்படும் கழிவின் மதிப்பை விஞ்சிவிடும். காரைச் சாலையில் பயன்படுத்தவில்லை என்று அரசுக்கு அறிவித்துக் கொட்டகையில் நிறுத்திவைத்து, தீ, திருட்டு ஆகியவற்றுக்கு மட்டும் காப்புறுதி செய்தால் செலவு குறையும். ஆனால் அத்தகைய ஒப்பந்தத்தைக் கழிவுக்குரிய ஆண்டாக எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை. பழமையான கார்களுக்கான சிறப்பு ஒப்பந்தங்கள் பலவற்றிலும் கழிவு என்பதே கிடையாது. மோட்டார் சைக்கிளில் சேர்த்த கழிவைக் காருக்கு மாற்றுவதும் பெரும்பாலும் இயலாது.

நிறுவனம் காருக்குப் பதிலாகப் பணப்படி கொடுத்து, பணியாளர் தாமே கார் வாங்கித் தம் பெயரில் காப்புறுதி செய்தால் கழிவு வழக்கம்போல் சேரும். அலுவலகப் பணிக்காகவும் அக்கார் ஓடும் என்பதை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். வேலைக்குச் சென்று வரும் பயணமும் வேலைக்காக வாடிக்கையாளரிடம் செல்லும் பயணமும் காப்புறுதியில் வெவ்வேறு வகைகளாகக் கொள்ளப்படுகின்றன.

உறுதிக் கடிதம்

மேற்கண்ட வழிகள் இல்லாதவருக்கு எஞ்சியிருப்பது கடிதம். நிறுவனக் காரில் ஓட்டிய விபத்தற்ற ஆண்டுகளைக் கழிவு ஆண்டுகளுக்கு நிகராக ஏற்கும் காப்புறுதி நிறுவனங்கள் பல உள்ளன. அதற்கு வேலை தந்த நிறுவனமோ, அதன் காப்புறுதி நிறுவனமோ, இடைத்தரகரோ எழுதிய உறுதிக் கடிதம் தேவை. நிறுவனத்தின் தலைப்புத் தாளில் எழுதப்பட்ட அக்கடிதத்தில், ஓட்டுநரின் முழுப்பெயர், கார் அவரிடம் இருந்த காலத்தின் தொடக்க நாளும் முடிவு நாளும், அது அவருடைய தனிப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது என்ற உறுதி, சொந்தப் பயணங்களுக்கும் அவர் அதனைப் பயன்படுத்த இசைவு இருந்தது என்ற குறிப்பு, தொகுதிக் காப்புறுதியின் எண், அக்காலத்தில் நேர்ந்த கோரிக்கைகளின் விவரம் அல்லது எதுவும் நேரவில்லை என்ற கூற்று ஆகியவை இருக்க வேண்டும். 'இவர் எம்மிடம் நற்பெயருடன் பணியாற்றினார்' என்பது போன்ற பொதுவான நற்சான்று காப்புறுதிக்குப் பயன்படாது.

சொந்தப் பயணத்துக்கான இசைவு ஏன் கேட்கப்படுகிறது என்பது வியப்பாகத் தோன்றலாம். வேலை நேரத்தில் மட்டும் ஓட்டப்பட்டு இரவில் நிறுவன வளாகத்தில் நிற்கும் வண்டியும், வார இறுதியில் குடும்பத்தோடு கடற்கரைக்குச் சென்று வரும் வண்டியும் ஒரே வகையான இடர்ப்பாட்டைச் சந்திப்பதில்லை. புதிய ஒப்பந்தம் இரண்டாம் வகைப் பயணத்துக்கானது என்பதால், அனுபவமும் அவ்வகையிலேயே இருக்கவேண்டும் என்று நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன. இதே காரணத்தால், கடைசியாக நிறுவனக் காரை ஓட்டிய நாளிலிருந்து நீண்ட இடைவெளி இல்லாதிருப்பதும், வாங்கும் கார் நிறுவனக் காருக்கு மாற்றாக அமைவதும் நிபந்தனைகளாகக் கேட்கப்படுவதுண்டு. சில நிறுவனங்கள் கடிதத்தில் உள்ள ஆண்டுகள் அனைத்தையும் ஏற்கும். சில, ஒரு தொடக்கநிலைக் கழிவு மட்டும் தரும். வேறு சில அறவே மறுக்கும். எனவே விலைகளை ஒப்பிடும் முன், நிறுவனக் கார் அனுபவத்தை ஏற்பீர்களா என்ற கேள்வியைத் தொலைபேசி வழியாகவோ தரகர் வழியாகவோ கேட்டறிவது நல்லது. இணையத்தில் நிரப்பும் படிவங்கள் சிலவற்றில் இதனைக் குறிக்க இடமே இருப்பதில்லை.

கடிதத்தை எப்போது கேட்பது என்பதும் முக்கியமானது. வேலையில் இருக்கும்போது வாகனப் பிரிவில் ஒரு நாளில் கிடைக்கும் கடிதம், வேலையை விட்டு ஆறு மாதம் கழித்துக் கேட்டால் கிடைக்காமலே போகலாம். வாகனப் பிரிவில் ஆட்கள் மாறிவிடுவர். நிறுவனம் தன் தொகுதிக் காப்புறுதியை ஆண்டுக்கு ஒருமுறை வெவ்வேறு காப்புறுதி நிறுவனங்களுக்கு மாற்றியிருந்தால், பழைய பதிவுகள் பல இடங்களில் சிதறிக்கிடக்கும். நிறுவனமே நொடித்துப்போய்க் கலைக்கப்பட்டால் நிலை இன்னும் மோசம். வேலையும் காரும் ஒரே நாளில் போனவர், ஊழியரின் கடிதத்துக்கு முன்னுரிமை தராத கலைப்பு அதிகாரியிடமே கேட்டு நிற்க வேண்டியிருக்கும். அப்போது தொகுதிக் காப்புறுதியை ஏற்பாடு செய்த தரகரிடம் பதிவுகள் எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. ஆண்டுதோறும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் நேரத்தில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வோருக்கு இத்தொல்லை இல்லை.

தவறான தகவலின் விளைவு

நிறுவனக் காரில் ஓட்டிய ஆண்டுகளைக் கழிவு ஆண்டுகள் என்றே படிவத்தில் எழுதிவிடுவது அடிக்கடி நேரும் பிழையாகும். ஓட்டுநரின் மனத்தில் அது பொய்யன்று; அவர் உண்மையிலேயே எட்டு ஆண்டுகள் கோரிக்கையின்றி ஓட்டியவர். ஆனால் படிவம் கேட்பது அவர் பெயரில் உள்ள ஒப்பந்தத்தில் சேர்ந்த ஆண்டுகளை.

2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 2012 ஆம் ஆண்டின் நுகர்வோர் காப்புறுதிச் சட்டம், தவறான தகவல் தராதிருக்க நியாயமான கவனம் எடுக்கும் கடமையை நுகர்வோருக்கு விதிக்கிறது. தவறு வேண்டுமென்றோ பொறுப்பின்றியோ செய்யப்பட்டதாயின் நிறுவனம் ஒப்பந்தத்தைத் தொடக்கத்திலிருந்தே செல்லாததாக்கி, கோரிக்கையை மறுக்கலாம். கவனக்குறைவால் நேர்ந்ததாயின், சரியான தகவல் தெரிந்திருந்தால் நிறுவனம் என்ன செய்திருக்கும் என்பதைப் பொறுத்துத் தீர்வு அமையும். கூடுதல் கட்டணத்தில் காப்புறுதி தந்திருக்கும் எனில் இழப்பீடு விகிதப்படி குறைக்கப்படலாம். 1,000 பவுண்டு பெறவேண்டிய இடத்தில் 400 பவுண்டு பெற்றிருந்தால், 5,000 பவுண்டு மதிப்புள்ள சேதத்துக்கு 2,000 பவுண்டே கிடைக்கும். விபத்தில் பாதிக்கப்பட்ட மூன்றாந் தரப்பினரின் உரிமை 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்படுகிறது. ஆனால் அவர்களுக்குக் கொடுத்த தொகையை நிறுவனம் சில சூழல்களில் ஒப்பந்ததாரரிடமிருந்து மீட்க முயலலாம்.

நிறுவனத்தின் முடிவு முறையற்றது என்று கருதுபவர் முதலில் அந்நிறுவனத்திடமே முறையிட்டு, அதன் பின்னும் தீராவிட்டால் நிதித்துறைக் குறைகேள் அதிகாரி சேவையை நாடலாம். இச்சேவை நுகர்வோருக்குக் கட்டணமற்றது. ஆயினும் கழிவை ஏற்பதும் மறுப்பதும் நிறுவனத்தின் வணிக முடிவாதலால், உறுதிக் கடிதத்தை ஏற்குமாறு ஒரு நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் பொதுவிதி இல்லை. படிவத்தின் கேள்வி தெளிவற்றிருந்தது என்பது போன்ற முறையீடுகளே வலுவுடையவை.

மின்சாரக் கார்களின் காலம்

2002 இன் பின் குறைந்துவந்த நிறுவனக் கார் வழக்கம் மின்சாரக் கார்களால் மீண்டும் வளர்ந்தது. மின்சார நிறுவனக் காரின் வரிக்குரிய மதிப்பு, 2020-21 வரியாண்டில் பட்டியல் விலையின் 0% ஆகவும், 2022-23 முதல் 2024-25 வரை 2% ஆகவும் இருந்தது. 2025-26 இல் 3% ஆயிற்று. இதனால், ஊதியத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து அதற்கு ஈடாக வாடகை முறையில் மின்சாரக் கார் பெறும் திட்டங்களில் பலர் சேர்ந்தனர். இத்திட்டங்களில் பராமரிப்பும் காப்புறுதியும் மாதத் தொகையிலேயே அடங்கியிருப்பது வழக்கம்.

இவர்களில் பலர் தம்மை நிறுவன வாகன ஓட்டுநராகவே எண்ணுவதில்லை. காரைத் தெரிவு செய்தவர் அவர். அதற்கான பணமும் அவருடைய ஊதியத்திலிருந்து போகிறது. ஆயினும் காப்புறுதி அவர் பெயரில் இல்லாதவரை மேற்கூறிய அனைத்தும் அவருக்கும் பொருந்தும். இத்தகைய வாடகை ஒப்பந்தங்கள் 3 அல்லது 4 ஆண்டுகள் நீடிப்பது வழக்கமாதலால், முதல் ஒப்பந்தம் முடியும் முன்பே ஈராண்டு வரம்பு கடந்துவிடுகிறது. திட்டத்தை நடத்துவோர் முடிவில் விபத்தின்மைக் கடிதம் தருவார்களா என்பதைக் கையெழுத்திடும் முன்னரே கேட்டுக்கொள்ளலாம்.

பிற நாடுகளில்

பிரான்சில் இக்கணக்கை அரசின் காப்புறுதி விதித்தொகுப்பே வரையறுக்கிறது. எல்லோரும் 1 என்ற எண்ணில் தொடங்குவர். பொறுப்பேற்கவேண்டிய விபத்து இல்லாத ஒவ்வோர் ஆண்டும் அது 0.95 ஆல் பெருக்கப்படும்; முழுப் பொறுப்புள்ள ஒவ்வொரு விபத்துக்கும் 1.25 ஆல் பெருக்கப்படும். 0.50 க்குக் கீழே இறங்குவதும் 3.50 க்கு மேல் ஏறுவதும் இல்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும் பிரித்தானிய முறைக்கு இது நேர்மாறானது.

இந்தியாவில் இக்கழிவு 20 விழுக்காட்டில் தொடங்கி 25, 35, 45 எனப் படிப்படியாக உயர்ந்து 50 விழுக்காட்டில் நிற்கிறது. சொந்த வாகனச் சேதத்துக்கான கட்டணப் பகுதிக்கு மட்டுமே அது பொருந்தும். மூன்றாந் தரப்புக் கட்டணத்தில் குறைப்பு இல்லை. கழிவு வாகனத்தைச் சேராமல் காப்புறுதி எடுத்தவரையே சேரும் என்பது அங்கும் விதியாகும். எனினும் 2002 ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகளில் ஒரு விலக்கு இடம்பெற்றது. நிறுவனத்துக்குச் சொந்தமான வாகனம் ஒரு பணியாளருக்கென்றே ஒதுக்கப்பட்டு, அவரால் மட்டும் ஓட்டப்பட்டு, பின்னர் அதே வாகனம் அவருடைய பெயருக்கு மாற்றப்பட்டால், அக்காலத்தில் சேர்ந்த கழிவும் அவருக்கே செல்லும். அதற்கும் வேலை தந்த நிறுவனத்தின் கடிதம் வேண்டும்.